எட்டுக்குக் கறிமிளகாய்

எட்டுச் செலவுக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று என் கணவரின் தமையன் அப்புத்துரை, எனக்குப் பெரியத்தான், விறாந்தையில் கதிரை போட்டு இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நண்டுக் குழம்பு வேண்டும், கணவாய் பிரட்டல் வேண்டும், ஆட்டிறைச்சி எலும்போடு வேண்டும், இறால் பொரியல் இல்லாமல் எட்டு ஒரு எட்டா என்று கேட்டார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. செத்துப்போனது என் மனிசன், சாப்பாடு பெரியத்தானுக்கு.

என் மனிசன் குலசிங்கத்துக்கு நண்டு என்றாலே அலுப்பு. கோதுடைத்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. கணவாய் வயிற்றுக்கு ஒத்துவராது. ஆட்டிறைச்சி தின்பார், ஆனால் யாராவது போட்டால்தான். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த தமையனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பெரியத்தானுக்குத் தன் வாயைத் தவிர வேறு வாய் இருப்பது தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஆள் செத்து எட்டாம் நாள் மாலையில், அந்த ஆளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மச்ச மாமிசமும் கள்ளும் உட்பட, அறைக்குள் இலை போட்டுப் படைப்போம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். அந்த நேரத்தில் ஆள் வந்து உண்டு போகும் என்பது நம்பிக்கை. நான் அதை நம்புகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. வராவிட்டால் நட்டமில்லை. வந்துவிட்டால் என்ன செய்வது? அந்த மனிசன் பசியோடு போனவர். குறிகட்டுவானிலிருந்து முதல் படகு வருகிறது, சாமான் ஏற்ற வேண்டும் என்று, நான் போட்டுக் கொடுத்த பிட்டைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, ‘வந்து சாப்பிடுறன்’ என்று சாமான் ஏற்றுகிற லாண்ட்மாஸ்ரர் வண்டியை ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு மாவிலித்துறைக்குப் போனவர். சீமெந்து மூட்டையோடு துறையில் சரிந்தார். அன்று மத்தியானம் அந்தப் பிட்டு மூடினபடியே இருந்தது. அதைக் கோழிக்குப் போட்டது நான்தான்.

அப்படிப் போன மனிசன் எட்டாம் நாள் வந்து, இலையில் தமையனுக்குப் பிடித்த நண்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் பசியோடு திரும்புவதற்கு நான் விடமாட்டேன். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

“கறிமிளகாய் சுடவேணும்,” என்றேன்.

விறாந்தையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணவனை இழந்தவள் அந்த எட்டு நாளும் வாய் திறக்காமல் உள்ளறையில் இருக்க வேண்டும் என்பது பெரியத்தானின் எண்ணம். நான் குசினி வாசலில் நின்றது அவருக்கு முதலே பிடிக்கவில்லை.

கறிமிளகாய் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் என் மனிசனைக் கட்டி வைத்தாலும் வீட்டில் நிற்கமாட்டார். கடற்கரையில் யாகப்பு அண்ணையின் மீன்வாடிக்குப் போய்விடுவார். யாகப்பு அண்ணை மீன்பிடிக்காரர், வேதக்காரர், சின்ன வயதிலிருந்து இவருடைய சிநேகிதர். டீசல் பரல் ஒன்றை நெடுக்காக இரண்டாய் வெட்டி, பிணைச்சல் போட்டு, கீழ்ப்பாதியில் நெருப்பும் மேல்பாதி மூடியுமாக இருவரும் ஒரு அடுப்புச் செய்து வைத்திருந்தார்கள். நடுவில் கம்பி வலை. பனங்கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சும் ஊமற்கொட்டையை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் மீன் அடைத்த கறிமிளகாயை அடுக்கி, மூடியைச் சாத்திப் புகையில் வேகவிடுவார்கள். பக்கத்தில் கள்ளுப் போத்தல் இருக்கும். அதைவிடப் பெரிதாகக் கதை இருக்கும்.

பொழுதுபடும்போது எனக்கும் மகளுக்குமாக வாழையிலையில் நாலைந்து கட்டிக்கொண்டு வருவார். மீன் பஞ்சு மாதிரி வெந்திருக்கும், மிளகாய்த் தோல் சுருங்கி இனிப்பாயிருக்கும், எல்லாவற்றிலும் ஒரு புகை வாசம். ஆனால் ஒரு பக்கம் எப்போதும் கரி. தவறாமல் ஒரு பக்கம் கரி. கதை தொடங்கினால் அவருக்குப் பிரட்ட நினைவிருக்காது. நான் கத்தியால் கரியைச் சுரண்டிக்கொண்டே, ‘இண்டைக்கும் கருக்கிப்போட்டியள்’ என்பேன். ‘இஞ்சாரும், கதை நல்ல கதை’ என்பார். கலியாணம் கட்டிய முதல் வருசத்திலிருந்து இதே பேச்சு, இதே பதில். எங்களுக்கு அலுக்கவும் இல்லை.

பெரியத்தான் இதையெல்லாம் நான் சொல்லவிடவில்லை. அது குடிகாரர் கடற்கரையில் தின்கிற சாமான், அதை எப்படி வீட்டுப் படையலில் வைப்பது, ஊர் என்ன சொல்லும் என்றார். கள்ளு வைக்கலாம், கள்ளோடு தின்கிறதை வைக்க ஏலாதோ என்று கேட்டேன். அவர் வெற்றிலையை எடுத்தார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மகள் நிசாந்தினியை யாகப்பு அண்ணையிடம் அனுப்பினேன். யாழ்ப்பாணத்திலிருந்து மறுநாள் வரவிருந்த என் தங்கைக்குப் போன் எடுத்து, சந்தையில் நீட்டுக் கறிமிளகாயாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். அடி அகலமான குண்டு மிளகாய் வேண்டாம், அது சுட்டால் வாய் பிளந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

எட்டாம் நாள் காலையில் யாகப்பு அண்ணை பரல் அடுப்பை ஒரு கைவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். செத்த வீட்டன்று மூலையில் நின்று அழுத மனிசன், இன்றைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். வாசல் படலையடியில் பெரியத்தான் மறித்தார்.

“யாகப்பு, ஒரு கேள்வி. நீ இதிலை மாடு சுட்டனியோ, இல்லையோ?”

யாகப்பு அண்ணை பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அலுவல் முடிந்திருக்கும். மகன் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த அன்று ஒருக்கால் சுட்டதுதான் என்றார். அவ்வளவுதான். பெரியத்தானுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மாடு சுட்ட பரல் இந்தப் படலை தாண்டினால் தான் இந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்றார். ஒழுங்கையால் போனவர்கள் நின்றார்கள். யாகப்பு அண்ணை தலையைக் குனிந்துகொண்டு வண்டிலைத் திருப்பப் போனார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எட்டு நாளும் அழுகை வந்த இடத்தில் அது வந்தது. நான் முற்றத்தைக் கடந்து படலைக்குப் போனேன்.

“பெரியத்தான், உங்கடை தம்பி உயிரோடை இருக்கேக்கை இதிலைதான் சுட்டுத் திண்டவர். பிறகு அவரை எரிச்சதும் நெருப்புத்தான். அந்த நெருப்புச் சுத்தமெண்டால் இதுவும் சுத்தம்.”

அவர் படலையை விட்டு நகரவில்லை. மனிசன் ஒரு சொல் சொல்லிவிட்டார், ஊர் கேட்டுவிட்டது, இனிப் பின்வாங்க அவரால் ஏலாது. அதுவும் எனக்கு விளங்கியது. ஆகவே நான் யாகப்பு அண்ணைக்கு எங்கள் மதிலுக்கு வெளியே ஒழுங்கை ஓரத்தைக் காட்டினேன். கல்லை அடுக்கிக் கட்டிய அந்த மதில் காற்றை மறிக்கும். பரல் படலை தாண்டத் தேவையில்லை. நான் தாண்டுகிறேன் என்றேன்.

செத்தவீட்டுத் துடக்குக்காரி, அதுவும் எட்டு முடியாதவள், ஒழுங்கையில் நின்று சமைப்பதா என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

யாகப்பு அண்ணை கொண்டுவந்த பாரை மீன் நல்ல மீன், விடியப் பட்டது. அவருக்கு ஒரு படகு அலுவல் இருந்தது, பின்னேரம் வந்து நெருப்பு மூட்டுகிறேன் என்றார். அதற்கு முன் அடைத்து வைக்கும் முறையைக் கேட்டேன். மீனைக் கழுவி, கரண்டியால் சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கறிமிளகாயை நெடுக்கக் கீறி, விதை எடுத்து, ஊறப்போட வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, மிளகுத்தூள், தேசிக்காய்ப் புளி, இவ்வளவும் சதையோடு பிசைந்து அடைத்து, ஈர்க்கால் குத்தி மூட வேண்டும்.

“உப்பு?” என்று கேட்டேன்.

“உப்புப் போடுறேல்லைத் தங்கச்சி. அவன் ஒரு நாளும் போட்டதில்லை.”

எனக்கு அது புதினமாக இருந்தது. நான் தின்ற கறிமிளகாயில் உப்பு அளவாகத்தான் இருக்கும். மீனிலேயே உப்பு இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு உணவென்றால் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்திருப்பேன். படையலுக்கு வைப்பதை முன்னமே ருசி பார்க்கக்கூடாது. பார்த்தால் அது எச்சில். எச்சிலை அவருக்கு வைக்க ஏலாது.

எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்க, பாத்திரம் கழுவ அதுதான். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்து குடத்தில் மூடி வைப்போம். நெடுந்தீவில் நல்ல தண்ணீரில் மீன் கழுவினால் விசர் என்பார்கள். அன்றைக்கு நான் நல்ல தண்ணீரில்தான் மீனைக் கழுவினேன். மிளகாயையும் அதிலேயே ஊறப்போட்டேன். அவருக்குக் கடைசியாகச் செய்வது, அதில் உவர்த் தண்ணீர் படக்கூடாது என்று நினைத்தேன். நிசாந்தினி பார்த்துவிட்டுச் செம்பால் தண்ணீரை மொண்டு தந்தாள். அவளும் அதையே நினைத்திருப்பாள்.

பெரியத்தானின் நண்டும் கணவாயும் குசினிக்குள் கொதித்தன. மச்சினிமார் சமைத்தார்கள், எனக்கு அதில் கோபம் இல்லை. வந்தவர்கள் சாப்பிடத்தானே வேண்டும். நான் விறாந்தை ஓரத்தில் பாயைப் போட்டு இருந்து ஒவ்வொரு மிளகாயாக அடைத்தேன். அதிகம் அடைத்தால் பிளக்கும், குறைத்தால் உள்ளே காற்று நின்று கருகும். ஈர்க்கு குத்தும் இடத்தில் தோல் கிழியாமல் குத்தப் பழகுவதற்குள் சில மிளகாய் பழுதாயின. அவற்றைத் தள்ளி வைத்தேன். என் கை இந்த வேலைக்குப் புதிது. ஆனால் வெயில் மேற்கே சாயும் முன் ஒரு சுளகு நிறைய ஒழுங்காக அடுக்கிவிட்டேன்.

யாகப்பு அண்ணை வந்து ஊமற்கொட்டையைக் கொளுத்தினார். காற்றுக் கொஞ்சம் பலமாக இருந்தது, மதில் காப்பாற்றியது. சுவாலை அடங்கித் தணலானதும் கம்பி வலையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், தெளிக்கிற தண்ணீர் எங்கே என்று கேட்டார். மிளகாய் காயாமலும் தணல் மூளாமலும் இருக்க இடைக்கிடை தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். நான் நல்ல தண்ணீர்ச் செம்பை நீட்டினேன்.

அவர் செம்புக்குள் பார்த்தார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“தங்கச்சி, நீர் மீனை எந்தத் தண்ணியிலை கழுவினனீர்?”

சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கடற்கரை வாடியில் கிணறு ஏது, குடம் ஏது? மீன் கழுவுவது கடலில், மிளகாய் ஊறுவது கடல் தண்ணீரில், தெளிப்பதும் அதே வாளியிலிருந்து. இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை, ஏனென்றால் அவர்கள் வேறு விதமாக ஒரு நாளும் செய்ததில்லை. பிழை தன்னுடையதுதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. உள்ளே விளக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியத்தான் படலைக்கு உள்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். இப்ப என்ன, ஒரு கை உப்பை எடுத்துத் தூவுங்கோ, ஆக்களுக்குப் பசிக்குது என்றார். மச்சினி ஒருத்தி உப்புப் பேணியைக்கூடக் கொண்டு வந்துவிட்டாள்.

பேணியைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தேன். எத்தனை கை? கூடினால் எப்படித் தெரியும், குறைந்தால் எப்படித் தெரியும்? நாக்கில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கடலுக்கு ஒரே கைதான். போன வருசமும் அதே உப்பு, அவர் இருந்த ஞாயிறுகளிலும் அதே உப்பு. அந்தத் தண்ணீரில் போட்டு எடுத்தால் ருசி பார்க்கத் தேவையே இல்லை. பேணியை மச்சினியிடமே கொடுத்துவிட்டு, வாளியை எடுத்தேன்.

யாகப்பு அண்ணை தான் போவதாகச் சொன்னார். நீங்கள் நெருப்பைப் பாருங்கோ, அது அணைஞ்சால் எல்லாம் போச்சு என்றேன். நிசாந்தினி எழும்பினாள். அவளையும் இருக்கச் சொன்னேன். இது நான் விட்ட பிழை. அதைவிட, அந்தத் தண்ணீரை நானே அள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

“நீ இப்பக் கடற்கரைக்குப் போகப்படாது, கேதீஸ்வரி,” என்றார் பெரியத்தான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். “ஆக்கள் தொழிலுக்குப் போற இடம்.”

தாலி கழற்றியவள் படகுக்கு முன்னால் வரக்கூடாது என்பது கடற்கரையில் உள்ள வழக்கம். எனக்குத் தெரியாததில்லை. கடலை நம்பிப் போகிறவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், அதில் நான் குற்றம் காணமாட்டேன். ஆகவே வாடிகள் இருக்கும் பக்கம் போகாமல், ஒழுங்கையால் இறங்கி, கற்பாறை கிடக்கும் மூலைக்குப் போனேன். அங்கே படகு விடமாட்டார்கள். தூரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் அவர்களைப் பார்க்காமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு இறங்கினேன். கரையோரத் தண்ணீர் கலங்கல், சாதாளைப் பாசி மிதக்கும். கொஞ்சம் உள்ளே போனால்தான் தெளிவு. வாளியைச் சரித்து நிரப்பினேன். அந்தத் தண்ணீரில் நிற்கும்போது அவர்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளாவது ‘நீரும் வாரும்’ என்று கூப்பிட்டிருக்கலாம். வந்து பார்த்திருந்தால் இன்றைக்கு இந்த அலைச்சல் இல்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன், அது வேறு கதை.

வாளி ததும்பத் ததும்பத் திரும்பி வந்தேன். ஈர்க்குகளை உருவி, அடைத்ததை எல்லாம் கிண்ணத்தில் கொட்டி, அதில் கடல் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். எவ்வளவு தெளிப்பது என்பதை யாகப்பு அண்ணை கண்ணால் பார்த்துச் சொன்னார், மிளகாய்களை வாளிக்குள்ளேயே அமிழ்த்தி எடுத்தோம். நிசாந்தினி அடைக்க, நான் குத்த, இரண்டாம் தடவையாகச் சுளகு நிறைந்தது. இந்த முறை ஒன்றும் கிழியவில்லை.

முதல் அடுக்கைத் தணல்மேல் வைத்து மூடியைச் சாத்தினோம். இடைக்கிடை மூடியைத் தூக்கி, பனையோலைத் துண்டு ஒன்றை வாளியில் நனைத்துத் தெளிக்கும்போது தணல் சீறி, வெள்ளைப் புகை எழும்பி மிளகாயைச் சுற்றியது. அந்த வாசம் வந்ததும் நிசாந்தினி சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் இடுக்கிக் குறட்டை யாகப்பு அண்ணையிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பிரட்ட வேண்டிய நேரத்தில் பிரட்டினேன், நாலு பக்கமும் பிரட்டினேன். எடுத்துத் தட்டில் அடுக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. தோல் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கி, அங்கங்கே பொன்னிறம். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. படலையடியில் நின்ற பெரியத்தானின் மூக்கு விரிந்ததை நான் கண்டேன்.

“சரியோ அண்ணை?” என்றேன்.

யாகப்பு அண்ணை தட்டைப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சுட்டது மாதிரி இருக்கோ என்று கேட்டேன். நான் விடாமல் பார்த்துக்கொண்டு நிற்க, மெல்லச் சொன்னார்.

“அவன் சுட்டால் ஒரு பக்கம் கரியாயெல்லோ இருக்கும்.”

தட்டைத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. இது என்னுடைய கறிமிளகாய். நான் குசினியில் செய்யும் எல்லாவற்றையும்போல ஒழுங்காய், பழுதில்லாமல், ஒரு குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. அந்த மனிசன் வந்து பார்த்தால் கேதீசு நல்லாய்ச் செய்திருக்கிறாள் என்பார். தன்னுடையது என்று சொல்லமாட்டார்.

தட்டை மச்சினியிடம் கொடுத்து, இது வந்த ஆக்களுக்கு என்றேன். சுளகில் மிஞ்சியிருந்ததை எடுத்து வலைமேல் அடுக்கினேன். மூடியைச் சாத்தினேன். பிறகு குறட்டை மதில்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

“எவ்வளவு நேரம் விடுறவர்?”

“நேரம் ஆர் பாத்தது? ஒரு கதை முடியுமட்டும்.”

“அப்ப ஒண்டு சொல்லுங்கோ.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சொல்லமாட்டார் என்று நினைத்தேன். வண்டில் கைபிடியில் சாய்ந்துகொண்டு, குலசிங்கத்தின் குதிரைக் கதை தெரியும்தானே என்று தொடங்கினார். அதைத் தெரியாதவர் இந்தத் தீவில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வந்த ஒருவரை இவர் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். பெட்டிக்குள் நல்ல தண்ணீர் நிறைத்த பிளாஸ்ரிக் கான் ஒன்று ஒழுகுகிறது. கோடை காலம், தீவு வெளியில் கட்டாக்காலியாய்த் திரியும் கட்டைக்குதிரை ஒன்று அந்த ஈரத்தை முகர்ந்துகொண்டு பின்னால் வருகிறது. வந்தவருக்குத் தண்ணீர் விசயம் தெரியாது. இது என்ரை அப்பப்பா வளர்த்த குதிரையின்ரை வம்சம், இரத்த வாசம் தெரிஞ்சு வருகுது என்று அவர் கண்ணீர் விட்டு அழுகிறார், போன் எடுத்துப் படம் பிடிக்கிறார். குதிரை எட்டி அவருடைய தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது.

“தொப்பியில்லை, பாஸ்போட்,” என்றேன்.

“பாஸ்போட்டோ? எங்களுக்குத் தொப்பியெண்டுதான் சொன்னவன்.”

“வீட்டிலை பாஸ்போட். மகளின்ரை பள்ளிக்கூடத்திலை சொல்லேக்கை கைலேஞ்சித் துணி.”

யாகப்பு அண்ணை சிரித்துவிட்டார். எனக்கும் வந்துவிட்டது. எட்டுக்கு வந்த சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. சிரிப்பை அடக்கினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் நான் அடக்கவில்லை. அந்த ஆள் பாஸ்போட்டுக்காகக் குதிரையின் பின்னால் ஓடியதையும், தேவாலயத்து மதில்வரை போய் விழுந்ததையும், பிறகு இவர் தண்ணீர்க் கானைக் காட்டிக் குதிரையைக் கூப்பிட்டதையும் நானே சொன்னேன். அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி, அவர் குரல் மாற்றும் இடத்தில் குரல் மாற்றிச் சொன்னேன். இவ்வளவு தூரம் எனக்குப் பாடமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூடி இடுக்கால் வந்த புகை வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறியது.

“கருகுது,” என்றார் பெரியத்தான். படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். “கேதீஸ்வரி, கருகுதெல்லோ, எடு.”

“கருகட்டும். கதை முடியேல்லை.”

அவர் குறட்டை எடுக்க மதில் பக்கம் கையை நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், யாகப்பு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. தம்பி வீட்டில் ஞாயிறு இரவுகளில் அவரும் எத்தனை தடவை கரி சுரண்டித் தின்றிருக்கிறார். கையை மெல்ல இறக்கிக்கொண்டு, பரலுக்குப் பக்கத்தில், ஒழுங்கையிலேயே நின்றுகொண்டார். குதிரை திரும்பி வந்து பாஸ்போட்டைக் கானுக்குப் பக்கத்தில் போடும் இடத்தில் அவரும் மூக்கை உறிஞ்சினார்.

கதை முடிந்ததும் மூடியைத் திறந்தேன். மேல்பக்கம் வாடிச் சுருங்கி அழகாய் இருந்தது. குறட்டால் தூக்கித் திருப்பினேன். அடிப்பக்கம் ஒரே கரி. வாழையிலையில் எடுத்து வைத்து, பெரியத்தானைப் பார்த்தேன். அவர் படலையை அகலத் திறந்து பிடித்தார்.

அறைக்குள் இலை போட்டிருந்தது. நண்டும் கணவாயும் இறைச்சியும் வைத்தாகிவிட்டது, கள்ளும் இருந்தது. நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். விட்டது யார் என்று தெரியவில்லை. கறிமிளகாயைக் கரிப்பக்கம் மேலே தெரிய அங்கே வைத்தேன். பக்கத்தில் நிசாந்தினி கொண்டுவந்து தந்த சின்னக் கத்தியையும் வைத்தேன். விளக்கைத் தூண்டிவிட்டு எழும்பினேன். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், கதவைச் சாத்த வேண்டியது நான்தான்.

“இண்டைக்கும் கருக்கிப்போட்டியள்,” என்றேன்.

பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன்.